தொண்ணூற்றிரண்டு படங்களும் ஓர் ஒலிநாடாவும்

நகுலேஸ்வரன் அந்தக் கிழவரை முதலில் கண்டது இத்தாலியின் பலெர்மோ நகரில், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தின் வரிசையில். 1993ஆம் ஆண்டு பங்குனி மாதம். வெளிநாட்டவர்கள் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வருகிற நாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் நின்ற உயரமான கிழவர், நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி இத்தாலிய மொழியில் ஏதோ கேட்டார். குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். கிழவர் தலையை மெல்லச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். நீங்கள் கேட்பது நியாயம்தான், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை, வயது போன ஆளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முழுப் பேச்சே அதில் இருந்தது. அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிழவரின் கையிலிருந்த சிவப்புக் கடவுச்சீட்டை நகுலேஸ்வரன் கண்டான். அந்த நிறம் அவனுக்குத் தெரியும். மொஸ்கோவில் ஆறு வருடம் படித்தவன் அவன்.

"நீங்கள் பிறந்த ஊரைக் கேக்கினம்" என்று ருஷ்ய மொழியில் சொன்னான்.

கிழவர் திரும்பினார். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்ததும் நகுலேஸ்வரனுக்கு அதிகாரி, வரிசை, மழை எல்லாம் மறந்துபோயின.

1982இல், இருபது வயதில், நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோவுக்குப் போனவன் அவன். முதல் குளிர்காலத்தில் மொழி ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. விடுதியின் தொலைக்காட்சி அறையில் சூடு நன்றாக இருக்கும் என்பதற்காக அங்கே போய் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ஏதோ ஒரு படம். கதை புரியவில்லை. இடையில் ஒரு தபாற்கந்தோர் வந்தது. ஒரு பெண் வந்து தனக்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறாள். கந்தோர்க்காரர் பெட்டியைப் பார்க்கிறார். இல்லை. அவள் நகரவில்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் மறுபடி எழும்பிப் போய் அதே பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறார். அவளுக்காக. இரண்டு நிமிடக் காட்சி. யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் உபதபாற்கந்தோரில் வேலை பார்த்த நகுலேஸ்வரனின் அப்பா தவராசாவும் அப்படித்தான் செய்வார். ருஷ்ய மொழியில் அவனுக்கு முதன்முதலில் விளங்கிய விஷயம் அந்தப் பேச்சில்லாத இரண்டு நிமிடம்.

"நீங்கள் தபாற்கந்தோரிலை இருந்தவர்" என்றான் அவன், வாய் தடுமாறி.

கிழவரின் கண்கள் மெல்ல விரிந்தன.

"எந்தப் படத்திலை? தபாற்காரனா நான் நாலு தரம் இருந்திருக்கிறன்."

பிரதி எடுக்கப் போயிருந்த மகள் லரீசா திரும்பி வந்தபோது, வரிசையை மறித்துக்கொண்டு தகப்பனும் ஒரு கறுத்த வெளிநாட்டுக்காரனும் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பலெர்மோவுக்கு வந்த ஏழு மாதத்தில் தகப்பன் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு சொன்னாள். அடுத்த கிழமையே நகுலேஸ்வரன் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்கு முன்னால் ஓர் இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போக 1988இல் வழியிருக்கவில்லை. போர் அவனை இத்தாலிக்குத் தள்ளிவிட்டது. மனைவி நாகபூசணி பிறகு வந்து சேர்ந்தாள். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், மீன்வாடை ஏறுகிற ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் அவர்களுடைய ஓரறை வீடு.

கிழவரின் பெயர் வெனியமின் குஸ்மிச் ஷெலபோவ். வீட்டில் எல்லோருக்கும் குஸ்மிச். நகுலேஸ்வரன் என்ற பெயர் அவருடைய வாயில் நிற்கவில்லை. மொஸ்கோ விடுதியில் கூப்பிட்ட மாதிரியே அவரும் அவனைக் கோல்யா ஆக்கிவிட்டார். அவர்கள் இருவரும் கதைத்தது முழுக்க ருஷ்ய மொழியில். பின்னேரம் வீட்டுக்கு வந்து நாகபூசணிக்கு அதையெல்லாம் தன் ஊர்த் தமிழில்தான் நகுலேஸ்வரன் சொல்லுவான். அதனால் குஸ்மிச்சும் இந்தக் கதையில் அந்தத் தமிழே கதைக்கிறார்.

வேலை கடினமில்லை. காலையில் குளிக்க வைத்து, முகம் மழித்து, மருந்து கொடுத்து, நடக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். லரீசா துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் வேலை செய்தாள். அவளுடைய சிசிலியக் கணவர் நல்ல மனிதர். மாமனாரோடு பேச மொழி இல்லாததால் அவரைக் காணும்போதெல்லாம் தோளில் தட்டிவிட்டுப் போவார்.

மழிக்கும்போதுதான் குஸ்மிச் தன் கதையைச் சொல்லுவார். வோல்கா நதிக்கரையில் ஒரு சின்னப் பட்டணத்தில் பிறந்தவர். போருக்குப் போய்க் குளிரில் இரண்டு கால்விரல்களை இழந்து திரும்பினார். தொழிற்சாலை நாடகக் குழுவில் இருந்தவரை 1951இல் லெனின்கிராட் ஸ்டூடியோ ஒன்று நடிகராக எடுத்தது. நாற்பது வருடத்தில் தொண்ணூற்றிரண்டு படங்கள். நிலைய அதிபர், இரவுக் காவலாளி, கூட்டுப்பண்ணைக் கணக்கர், மருத்துவமனைப் பரிசாரகர், ஒரு தரம் பாதிரியார், ஆறு தரம் ஜெர்மன் சிப்பாய். அவருடைய பாத்திரத்துக்குப் பெயர் இருந்தது பதினொரு படங்களில் மட்டும். மற்றவற்றில் 'கிழவன்', 'இரண்டாவது தொழிலாளி', 'குடிகாரன்' என்றுதான் பட்டியலில் போட்டிருக்கும்.

"நான் செத்த படம் முப்பத்தொண்டு" என்பார், அதில் ஒரு பெருமையோடு.

எந்தச் சின்ன வேடத்துக்கும் அவர் ஒரு காரியம் செய்வார். அந்த ஆள் அன்று காலை என்ன சாப்பிட்டான், அவனுடைய மனைவி உயிரோடு இருக்கிறாளா, அவனுக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டுதான் காமராவுக்கு முன்னால் போவாராம். கதாநாயகனுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கிறார்கள். அவன் ஆறுதலாகத் தன்னைக் காட்டலாம். எங்களுக்கு இரண்டு நிமிடம். வாசலைத் தாண்டி வரும்போதே முழுச் சீவியத்தையும் கொண்டு வந்துவிட வேண்டும் என்பார்.

அவருடைய புகழ் விசித்திரமானது. அவருடைய நாட்டில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் எல்லோருக்கும் தெரியும். திறாம் வண்டியில் முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பார்த்துத் திகைப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்தானே, எங்கள் படைப்பிரிவில் இருந்தவர்தானே, என் மைத்துனரின் பக்கத்து வீடுதானே என்று கேட்பார்கள். குஸ்மிச் யாரையும் திருத்தியதில்லை. ஓம் என்பார், சுகம் விசாரிப்பார், அவர்களுடைய மைத்துனருக்கு வணக்கம் சொல்லிவிடுவார். ஒரு பெரிய நாடு முழுக்கத் தனக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள் என்று சொல்லுவார்.

பிறகு அந்த நாடே இல்லாமல் போயிற்று. ஸ்டூடியோவில் படம் எடுப்பது நின்றது. 1992 தொடக்கத்தில், அந்தக் குளிர்காலம் முடியமுன்பே, மனைவி இறந்தாள். கோடையில் லரீசா போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நடக்கப் போகும்போது அவர் எப்போதும் சனம் நெருங்கிய இடத்துக்கே போகச் சொல்வார். வுச்சீரியாவில் வாள்மீன் தலைகளுக்கும் எலுமிச்சம்பழக் குவியல்களுக்கும் இடையில் மெதுவாக நடந்து, எதிரே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எதைத் தேடுகிறார் என்று நகுலேஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை. சில மாதம் போன பிறகுதான் விளங்கியது. இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்ற அந்தத் திகைப்புக்காகத்தான் அவர் காத்திருந்தார். அது ஒரு முகத்திலும் வரவில்லை. மீன்காரர்கள் அவரை உல்லாசப் பயணி என்று நினைத்து விலையை உரக்கக் கூவினார்கள்.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் அவர் சொன்னது இரண்டாவது வருடத்தில்தான். அவர் முதன்மை வேடத்தில் நடித்த ஒரே படத்தைப் பற்றி.

1969இல் ஓர் இளம் இயக்குநர் அவரைத் தேடி வந்தார். போரில் செத்த மகனின் புதைகுழியைத் தேடி ஊர் ஊராக நடக்கிற ஒரு தகப்பனின் கதை. பெரிய நடிகர் வேண்டாம், எல்லோரும் தங்கள் வீட்டு ஆள் என்று நம்புகிற முகம் வேண்டும் என்றாராம். அப்போது குஸ்மிச்சுக்கு நாற்பத்தேழு வயது. அறுபது வயதாகக் காட்ட முகத்தில் சுருக்கம் வரைந்தார்கள். மூன்று மாதம் சேற்றிலும் பனியிலும் படப்பிடிப்பு. படம் முடிந்து அதிகாரிகள் பார்த்தார்கள். போரில் நாங்கள் வென்றோமே, அந்த வெற்றி இந்தப் படத்தில் எங்கே என்று கேட்டார்கள். படம் பெட்டிக்குள் போயிற்று. பத்தொன்பது வருடம் கழித்து, பூட்டி வைத்திருந்த படங்களை எல்லாம் வெளியே எடுத்த காலத்தில், இதையும் தேடினார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே வேறு யாருடையதோ படம் இருந்தது.

"பிலிமைக் கழுவி அதிலை இருந்த வெள்ளியை எடுத்துப்போட்டினம்" என்றார் குஸ்மிச். "பழசு எல்லாத்தையும் அப்பிடித்தான் செய்யிறவை. கரண்டி செய்திருப்பினம்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நகுலேஸ்வரன் அவருடைய தாடையில் சவர்க்கார நுரையைத் தடவியபடி நின்றான்.

லரீசா அந்தப் படத்தைப் பார்த்தாளா என்று ஒருநாள் அவளிடம் கேட்டான். இல்லை என்றாள். அப்போது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. அவளுக்கு அப்பாவின் தொழிலில் அப்போதே வெறுப்பு. வருடத்தில் எட்டு மாதம் அவர் வீட்டில் இருப்பதில்லை. அவள் அதிகம் அப்பாவைப் பார்த்தது திரையில்தான், அதிலும் பாதிப் படத்தில் செத்துப்போவார் என்றாள். சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில் கோட்டின் பொத்தானைத் தவறாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

1995 வசந்தத்தில் பீட்டர்ஸ்பேர்க்கிலிருந்து ஒரு பொதி வந்தது. லெனின்கிராட்டுக்கு அப்போது அந்தப் பழைய பெயர் திரும்பியிருந்தது. ஸ்டூடியோவில் ஒலித்தொகுப்பு செய்து ஓய்வு பெற்ற தமாரா என்ற பெண் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தின் ஒரு பகுதியின் ஒலியை மட்டும் வீட்டில் ஒளித்து வைத்திருந்தாளாம். பதினொரு நிமிடம். கண்பார்வை மங்கிக்கொண்டு வருவதால், உரியவரிடம் சேர்க்க வேண்டுமென்று கசெட்டில் பதிந்து அனுப்புவதாக எழுதியிருந்தாள்.

நகுலேஸ்வரன் ஓடிப்போய்க் கசெட் போடுகிற ரேடியோவை எடுத்து வந்தான். குஸ்மிச் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம். சத்தத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? நான் வானொலிக்காரன் இல்லை."

கசெட் காலுறைகள் வைக்கும் லாச்சிக்குள் போயிற்று. அன்று முழுக்க அவர் கட்டிலிலிருந்து எழும்பவில்லை.

அந்த வருடம் ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறிய செய்தி வானொலியில் வந்தது. கொட்டுகிற மழையில் ஐந்து லட்சம் பேர் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தார்கள் என்றார்கள். கோண்டாவிலில் அப்பாவும் தங்கச்சி துஷாந்தியும் இருந்தார்கள். அம்மா முன்பே இறந்துவிட்டாள். தொலைபேசி கிடையாது. கடிதம் வருவதில்லை. பலெர்மோவில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அந்த நாட்களில் வானொலியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நகுலேஸ்வரன் கொழும்பிலுள்ள ஒரு நண்பருக்கும் லண்டனிலுள்ள மாமாவுக்கும் மாறி மாறித் தொலைபேசி எடுத்துப் பார்த்தான். ஒருவருக்கும் தெரியவில்லை.

இதைக் குஸ்மிச் கவனித்துக்கொண்டிருந்தார். கார்த்திகை பதினேழாம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, தனக்கு ரயிலில் போக ஆசையாக இருக்கிறது என்றார். பகேரியாவில் ஒரு பழைய மாளிகை இருக்கிறது, அதன் மதில் முழுக்கப் பூதச் சிலைகள் என்று மருமகனின் புத்தகத்தில் பார்த்தாராம். நகுலேஸ்வரனுக்குப் போக மனமில்லை. ஆனாலும் வேலை என்று கூட்டிக்கொண்டு போனான்.

மாளிகையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் ஆசிரியையோடு வந்திருந்தது. குஸ்மிச் முதல் சிலையின் கீழே நின்றார். குதிரை மூஞ்சியும் கூனலுமான ஒரு பிறவி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பினார். அதே முகம் அவர் கழுத்துக்கு மேலே இருந்தது. பிள்ளைகள் முதலில் பயந்து பின்வாங்கி, பிறகு வெடித்துச் சிரித்தார்கள். அடுத்த சிலை, அதற்கடுத்தது என்று மதில் நீளத்துக்கும் போனார். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். ஒரு குட்டிப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் செய் இதைச் செய் என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். நகுலேஸ்வரனும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மூன்று கிழமையில் முதல் தடவையாக அன்று வயிறாரச் சாப்பிட்டான்.

கடிதம் தை மாதம் பதினோராம் திகதி வந்தது. கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் மூலம் துஷாந்தி கொடுத்துவிட்ட ஒற்றைத் தாள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது, மருந்து கிடைக்கவில்லை, கார்த்திகை பதினேழாம் திகதி மத்தியானம் போய்விட்டார், அடுத்த நாள் அங்கேயே தகனம் செய்தோம் என்று எழுதியிருந்தாள். கீழே, அண்ணா கவலைப்படாதீர்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

நாகபூசணி கடிதத்தை வாங்கி வாசித்து, சுவரோடு சாய்ந்து அழுதாள். அவன் அழவில்லை. திகதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் எப்போதோ கடந்துபோயிருந்தன. குளித்துவிட்டு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்தி வைத்தான்.

"இஞ்சேருங்கோ, துஷாந்திக்கு ரெண்டு வரியாவது எழுதுங்கோ" என்றாள் நாகபூசணி.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்புள்ள தங்கச்சிக்கு என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனான். குஸ்மிச்சுக்குக் காலை வணக்கம் சொன்னான், மழையைப் பற்றி ஏதோ கதைத்தான், சவர்க்காரம் பூசினான். ஒரு கன்னம் முடிந்து மறுகன்னத்துக்குப் போகும்போது, குஸ்மிச் கண்ணாடிக்குள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"கோல்யா, நீ இண்டைக்கு நடிக்கிறாய். வடிவாச் செய்யேல்லை."

நகுலேஸ்வரன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னான். கடிதத்தைச் சொன்னான், திகதியைச் சொன்னான், அந்தத் திகதியில் தாங்கள் இரண்டு பேரும் எங்கே நின்றார்கள் என்பதையும் சொன்னான். குஸ்மிச் அரைவாசி மழித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். மீதி நுரையைத் தானே துண்டால் துடைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். நகுலேஸ்வரனுக்கு அது மிகவும் வலித்தது. பகேரியாவுக்குப் போகக் கேட்டவரே அவர்தானே என்று மனதுக்குள் ஒரு கோபமும் வந்தது.

அடுத்த நாள் காலை அவன் கதவைத் திறந்தபோது குஸ்மிச் ஏற்கனவே உடுத்து நின்றார். பழைய கனத்த கோட். மழிக்காமல் விட்ட கன்னத்தில் நரைத்த தாடி இரண்டு நாளாக வளர்ந்திருந்தது. சாப்பாட்டு மேசை ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. அறையின் நடுவில் ஒரு கதிரை. கோப்பை அலுமாரியின் மேல் ரேடியோ, அதற்குள் அந்தக் கசெட்.

"காமரா அங்கை நிண்டது" என்று கோப்பை அலுமாரியைக் காட்டினார். "நீ அங்கை நில். கதிரைதான் கிணறு. நான் சொல்லேக்கை அமத்து."

அவன் அலுமாரியோடு ஒட்டி நின்றான். குஸ்மிச் வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலையசைத்தார்; நகுலேஸ்வரன் ரேடியோவின் பொத்தானை அமத்தினான்.

முதலில் இரைச்சல். தூரத்தில் ஒரு நாய். கிணற்று உருளை கிறீச்சிட்டது. சேற்றில் காலடிச் சத்தம் கேட்டது; அதே கணத்தில் குஸ்மிச் திரும்பி நடந்து வந்தார். காலடி இருபத்தாறு வருடம் பழையது. ஓர் அடிகூடப் பிசகவில்லை. எழுபத்துமூன்று வயதில் அவருக்கு யாரும் சுருக்கம் வரைய வேண்டியிருக்கவில்லை. கதிரைக்கு இரண்டு அடி இப்பால் நின்று தொப்பியை எடுத்தார். ஒலிநாடாவில் ஒரு பெண்ணின் குரல், ஆர் நீங்கள் என்று கேட்டது. அவருடைய இளமைக் குரல் மகனின் பெயரைச் சொன்னது. கிழவரின் உதடுகள் சத்தமில்லாமல் அதைச் சொல்லின. அந்தப் பெண், நாற்பத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கே மூன்று பேரைப் புதைத்தேன் என்றாள். ஒருவனுக்குச் செம்பட்டைத் தலை என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவன்தான்.

"ஆர் தூக்கினது?" என்றது அவருடைய இளமைக் குரல்.

"ரோட்டாலை போன பெடியள் ரெண்டு பேர். பேர் தெரியாது."

"முகத்துக்கு ஏதும் போட்டனியளோ?"

"என்ரை தலைத்துணியைப் போட்டனான்."

அதற்குப் பிறகு ஒலிநாடாவில் பேச்சில்லை. வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அந்தப் பெண் நிற்க வேண்டிய இடத்தை, அவளுடைய தலை இருக்க வேண்டிய உயரத்தை, குஸ்மிச் பார்த்தார். வலது கை மெல்ல எழும்பியது, அவள் தலையிலுள்ள துணியைத் தொட்டுப் பார்க்கப் போவதுபோல. பாதி வழியில் அதற்கு வெட்கம் வந்தது. திரும்பி வந்து தொப்பியைப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"வாளியைத் தாங்கோ" என்றது அவருடைய குரல். "வீட்டடிக்கு நான் கொண்டு வாறன்."

குஸ்மிச் குனிந்து, ஒன்றுமில்லாத வெளியில் ஒரு கைப்பிடியைப் பற்றித் தூக்கினார். ஒரு தோள் பாரத்தால் இறங்கியது. தண்ணீர் சிந்தாமல் இருக்க மற்றக் கையை அகட்டிக்கொண்டு, நகுலேஸ்வரனைக் கடந்து, சமையலறைப் பக்கமாக நடந்து போனார். ஒலிநாடாவில் இரண்டு பேரின் காலடி தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

நகுலேஸ்வரன் அலுமாரியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குள்ளிருந்து வந்த சத்தம் தன்னுடையது என்றே அவனுக்குத் தெரியவில்லை. குஸ்மிச் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு தேத்தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

அன்று பின்னேரம் அவன் தங்கச்சிக்குக் கடிதம் எழுதினான். அப்பாவை ஆர் தூக்கினது, முகத்துக்கு என்ன போட்டனீங்கள், கொள்ளி வைத்தது யார், அன்று மழை பெய்ததா என்று கேட்டு நான்கு பக்கம். பதில் பங்குனியில் வந்தது. அப்பாவைத் தூக்கியவர்கள் நான்கு பேரும் தெரியாத ஆட்கள் என்று துஷாந்தி எழுதியிருந்தாள். ஒருவர் அரசாங்கக் கச்சேரியில் பியோனாக இருந்தவராம். இன்னொருவர் அந்தப் பள்ளிக்கூடக் காவல்காரர். அம்மாவின் ஊதாச் சேலையை அவள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதைத்தான் அப்பாவுக்குப் போர்த்தினாளாம். கொள்ளியும் அவள்தான் வைத்தாள். 'இதையெல்லாம் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை அண்ணா. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது' என்று முடித்திருந்தாள்.

நகுலேஸ்வரன் அதைக் குஸ்மிச்சுக்கு வரி வரியாக ருஷ்ய மொழியில் சொன்னான். அவர் அந்த நான்கு பேரின் பெயரைக் கேட்டார். தெரியாது என்றான்.

"அப்ப அவை என்ரை ஆக்கள்" என்றார் குஸ்மிச்.

லரீசாவுக்கு நடந்ததைச் சொல்லலாம் என்று நகுலேஸ்வரன் இரண்டு முறை யோசித்தான். குஸ்மிச் வேண்டாம் என்றுவிட்டார். அவளைக் கூப்பிட்டு இருத்திப் பார்க்கச் சொன்னால் அவள் பார்ப்பாள், ஆனால் தகப்பனுக்காகப் பார்ப்பாள், அப்படிப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் தன்னால் நடிக்க முடியாது என்றார். அந்தக் காட்சியை அவர் மறுபடி செய்யவே இல்லை.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு காலை அவர் கட்டிலில் விழித்தபோது முகத்தின் இடப்பக்கம் இறங்கியிருந்தது. கண் பாதி மூடி, வாய்க்கோணம் தொங்கி. இடக் கையும் அசையவில்லை. மருத்துவர்கள் கையைப் பற்றியே கதைத்தார்கள். குஸ்மிச்சுக்குக் கையைப் பற்றிக் கவலையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கண்ணாடியைக் கேட்டார். நகுலேஸ்வரன் தயங்கித் தயங்கிப் பிடித்தான். நீண்ட நேரம் பார்த்தார். கோபத்தைக் கொண்டு வந்து பார்த்தார். வலப்பக்கம் மட்டும் கோபப்பட்டது. சிரிப்பைக் கொண்டு வந்தார். இடப்பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பக்கம் வேலைக்கு வரேல்லை" என்றார் குழறலாக.

அதற்குப் பிறகு முகம் மழிக்கும்போது கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். வுச்சீரியாவுக்குப் போகலாமா என்று கேட்டால், தெருவில் ஆட்கள் பார்ப்பார்கள் என்பார். நாலு வருடமாக யாராவது பார்க்கமாட்டார்களா என்று நடந்த மனிதர். லரீசா இந்தக் காலத்தில் வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டு தகப்பனின் பக்கத்திலேயே இருந்தாள். கரண்டியால் சூப் கொடுப்பாள். அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிடும்போது அவள் கண்ணை எங்கேயோ வைத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அதிகம் கதைத்ததில்லை. ஆனால் சில பின்னேரங்களில் அவளுடைய மடியில் அவருடைய செயலற்ற கை கிடக்கும்.

1998 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே குஸ்மிச் போய்விட்டார். லரீசா பீட்டர்ஸ்பேர்க் ஸ்டூடியோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கட்டடத்தைத் தளபாடக் களஞ்சியம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டாயிற்று என்று யாரோ ஒருவன் சொல்லி வைத்துவிட்டான். தமாராவின் இலக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்திரிகை எதிலும் செய்தி வரவில்லை. கடலோரத்து மயானத்தில், வெயில் கொளுத்துகிற பத்து மணிக்கு, லரீசாவும் கணவரும் நகுலேஸ்வரனும் நாகபூசணியும் நின்றார்கள். ஒரு பாதிரியார் ஜெபம் சொன்னார். நாகபூசணி கொண்டுவந்த வெள்ளைப் பூக்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். லரீசா வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

திரும்பி வருகிற வழியில் லரீசா வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த நகுலேஸ்வரனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்பா நல்ல நடிகனோ? உண்மையைச் சொல்லு. எனக்குத் தெரியாது."

"ஓம்" என்றான் அவன். அவள் காத்திருந்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

இரண்டு கிழமை கழித்து மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. கோடைகாலம். கடற்கரை முழுக்கச் சனம். சமையலறையில் கணவாய் மீன் கழுவி வெட்டுகிற வேலை. அங்கே யாருக்கும் ருஷ்ய மொழி தெரியாது. முதல் சில நாட்கள், காலையில் பஸ்ஸில் போகும்போது, ஏதாவது ஒரு சொல் அந்த மொழியில் வாய்க்குள் வந்து நிற்கும். பிறகு அதுவும் குறைந்துகொண்டு வந்தது.